கேளுங்கள், சொல்கிறேன்: அமுக்கினால் அடங்குமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றாலே, "வெளியில் சொன்னால் பீதி கிளம்பும்" என்று பெரியவர்கள் அமுக்கிவிடுகிறார்கள். அடைமழை வேறு வரப்போகிறது. சொல்வது நல்லதா, சொல்லாமல் இருப்பதா?
– ஒரு வாசகி, முத்துப்பேட்டை

பதில்: சொல்லித்தான் ஆக வேண்டும் அம்மா. நாம் சொல்லாவிட்டால் டீக்கடை சொல்லும். அங்கே நாலு, நாற்பதாகிவிடும்.

நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு வேலை. கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. நாலாம் நாள் ஒரே தெருவில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. எனக்கு மேலே இருந்தவரும் உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மாதிரிதான். அந்த வார்த்தையே வரக்கூடாது என்றார். சரி என்று, "பொதுமக்கள் பாதுகாக்கப்பட்ட குடிநீரையே பருகுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று அட்டையில் எழுதி மாட்டினேன். அந்த அட்டைக்குக் கீழேயே நின்று ஓர் அம்மா அடிபம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

அதைக் கழற்றிவிட்டு, ரேஷன் கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன்: "கீழத்தெருவில் 3 பேருக்கு வயிற்றுப்போக்கு. காரணம் இன்னும் தெரியவில்லை. இந்த அடிபம்புத் தண்ணீர் வேண்டாம். லாரித் தண்ணீரையும் கொதிக்கவைத்துக் குடியுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு இங்கேயே எழுதுகிறேன்." திட்டு விழுந்தது. ஐந்து மணிக்குப் புதிய சேதி ஒன்றுமில்லை. அதையும் எழுதினேன்: "வேறு யாருக்கும் வரவில்லை. அடுத்து, காலை 8 மணிக்கு." அதைப் படிக்கக் குடை பிடித்துக்கொண்டு இருபது பேர் நின்றார்கள்.

ஆனால் ஐப்பசியில் ஓடித் தேடினால் எதுவும் கிடைக்காது. ஆவணியிலேயே பார்த்துவிட வேண்டும். ஓஆர்எஸ் பாக்கெட், 104, 108 எல்லாம் உங்களுக்கே தெரியும். பிளீச்சிங் பவுடரில்தான் ஏமாந்துபோவோம். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பது 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடருக்கான கணக்கு. மூட்டை பிரித்து ஈரக்காற்றில் கிடந்த பவுடரில் அந்த வீரியம் இருக்காது. அதனால் தொட்டியில் கலந்து ஒரு மணி நேரம் கழித்து, கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கருவி) சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியடிக் குழாயிலேயே பார்த்து எழுதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு (நானும் ஓரிரு முறை செய்திருக்கிறேன், மறைப்பானேன்).

அப்புறம், தண்டோராவை 2022-லேயே அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் மைக்கும் மாரியம்மன் கோயில் மைக்கும் கரண்ட் போனால் பேட்டரியில் ஓடுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். எங்களுக்கு அன்றைக்கு ஓடவில்லை. அந்த சாக்பீஸ்கூட பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கியதுதான்.