கட்டட தூசி: எழுதினால் எடுபடுமா?

கேள்வி: தெருமுனையில் அடுக்குமாடி கட்டுகிறார்கள், காயப்போட்ட துணியெல்லாம் சிமெண்ட் தூசி. காற்று மாசு பற்றி மாநகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்கிறதாம், நாங்கள் எழுதினால் எடுபடுமா?
- வாசகி, செம்பூர், மும்பை

பதில்: கட்டாயம் எழுதுங்கள் அம்மா. ஆனால் ‘காற்று கெட்டுவிட்டது, நடவடிக்கை எடுக்கவும்’ என்று பொதுவாக எழுதினால் கோப்போடு கோப்பாகக் கிடக்கும். எந்த மனை, எந்த நாள், எத்தனை மணிக்கு, லாரி தார்ப்பாய் மூடி வந்ததா, சக்கரத்தைக் கழுவி வெளியே விட்டார்களா, இதையெல்லாம் எழுதி போட்டோவும் வையுங்கள். ஒரு ஏக்கருக்கு மேற்பட்ட மனையைச் சுற்றி 35 அடி உயரத்துக்குத் தகரத் தடுப்பு வேண்டும், அதற்குக் குறைந்தால் 25 அடி என்று 2023 அக்டோபரில் மாநகராட்சியே விதி போட்டிருக்கிறது, தெருவில் நின்று பார்த்தாலே குட்டையா நெட்டையா தெரிந்துவிடும்.

மனு மராத்தியில் இருப்பது நல்லது, பள்ளியில் மராத்தி படிக்கிற பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். வார்டு ஆபீஸில் நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், இணையத்தில் மட்டும் கருத்துக் கேட்டால் போதாது, உங்கள் வார்டிலேயே கூட்டம் போடச் சொல்லிக் கேளுங்கள், தூசியைச் சுவாசிக்கிறவர்கள் அங்கேதானே இருக்கிறார்கள்! மனு என்ன ஆனது என்று தெரியவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.