‘ஹால்ஃப் ட்ரீ’ என்றால் மூன்றரை அல்ல

கேள்வி: கணவரின் வேலைக்காக எட்டு மாதமாக நெதர்லாந்தின் ஐந்தோவனில் இருக்கிறோம். டச்சு எண்களை ஒன்றிலிருந்து நூறு வரை தடங்கலில்லாமல் சொல்வேன். ஆனால் போனில் யாராவது நம்பர் சொன்னால் 25-ஐ 52 என்று போட்டுவிடுகிறேன். பல் மருத்துவரிடம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். எண்களுக்கென்றே தனி வகுப்பாம், 200 யூரோ கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். எண்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கின்றன. காதில் விழும் வரிசையும் கை எழுதும் வரிசையும்தான் ஒத்துப்போகவில்லை. அந்த வகுப்பில் மறுபடியும் ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கத்தான் சொல்வார்கள்.

நாம் இருபதை முதலில் சொல்கிறோம். டச்சுக்காரர் ஐந்தை முதலில் சொல்கிறார்: ஃபெய்ஃப்-அன்-ட்வின்டஹ், அதாவது ஐந்தும் இருபதும். 52 என்றால் ட்வே-அன்-ஃபெய்ஃப்டஹ். நடுவில் வரும் ‘அன்’ கேட்டால், அதற்கு முன் வந்தது ஒன்றாம் இடம். ஏழு (ஸேவன்), ஒன்பது (நேஹன்) இரண்டிலும் சொல்லுக்குள்ளேயே ‘அன்’ இருப்பதால் அங்கே மட்டும் கடைசிவரை கேளுங்கள்.

தாளில் எழுதும்போது இடப்பக்கம் ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு 5 எழுதுங்கள், பிறகு அந்த இடத்தில் 2. போன் கீபேடில் அப்படி இடம் விட வழியில்லை. 5 கேட்டதுமே விரல் 5-ஐத் தட்டிவிடும், அங்கேதான் நம்பர் புரள்கிறது. எனவே நம்பரை முதலில் தாளில் எழுதி, பிறகு தட்டுங்கள்.

மொபைல் நம்பரில் 06-க்குப் பின் எட்டு இலக்கம். பெரும்பாலும் இரண்டிரண்டாகவே சொல்வார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்: “குன்ட் யூ த ஸெய்ஃபர்ஸ் ஏன் ஃபோர் ஏன் ஸெஹன்?” இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல முடியுமா என்று பொருள். அப்போது சிலர் ஏழை ‘ஸோவன்’ என்பார்கள். ஒன்பதோடு குழம்பாமல் இருக்கத்தான் அது.

நார்வேயிலும் ஒன்றாம் இடத்தை முதலில் சொல்லும் வழக்கம் இருந்தது. போன் நம்பர்கள் குழம்புகின்றன என்று 1951-இல் பள்ளிகளிலும் அரசு வானொலியிலும் பத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். நெதர்லாந்து மாறவேயில்லை. குடிமக்கள் எண்ணான பிஎஸ்என்னில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் காட்டிக்கொடுக்க ஒரு கணக்குச் சோதனை வைத்திருக்கிறார்கள். போன் நம்பருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தவறாக எழுதினால் அழைப்பு வேறு யாருக்கோ போகும்.

இனி பல் மருத்துவர் விஷயம். ‘ஹால்ஃப் ட்ரீ’ என்று கேட்டு மூன்றரைக்குப் போயிருப்பீர்கள். அது இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்பது டச்சுக் கணக்கு. இதே ‘ஹால்ஃப்’ அளவைச் சொல்லும்போது நம் ‘அரை’ மாதிரிப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்: ‘ட்ரீயன்ஹால்ஃப்’ என்றால் மூன்றரை. ஆக, ‘ஹால்ஃப் ட்ரீ’க்கு வாருங்கள் என்றால் 2.30. ‘ட்ரீயன்ஹால்ஃப்’ மணி நேரம் ஆகும் என்றால் மூன்றரை மணி நேரம். ஒன்றரைக்கு மட்டும் ‘ஆன்டர்ஹால்ஃப்’ என்று தனிச்சொல். இதோடு விடமாட்டார்கள்: ‘டீன் ஃபோர் ஹால்ஃப் ட்ரீ’ என்றால் இரண்டரைக்குப் பத்து நிமிடம் முன், அதாவது 2.20. ‘ஃபெய்ஃப் ஓஃபர் ஹால்ஃப் ட்ரீ’ 2.35. எந்த அப்பாயின்ட்மென்டையும் ‘14.30’ என்று எழுத்தில் அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

பணத்தில் இரண்டே எச்சரிக்கை. கடையில் ‘ட்வே ஃபெய்ஃபன்நேஹன்டஹ்’ என்றால் 2 யூரோ 95 சென்ட். அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் காற்புள்ளி. வாடகை 1.250 யூரோ என்றிருந்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது, வாயால் ‘பன்னிரண்டு நூறு ஐம்பது’ என்பார்கள். நம் வழக்கப்படி 1,250 என்று எழுதினால் ஒன்றேகால் யூரோ என்று படிப்பார்கள்.

அந்த 200 யூரோவுக்கு வருவோம். வாட்ஸ்அப் குழுக்களில், குடியேற்றத் தேர்வு இல்லாவிட்டால் விசா போய்விடும் என்று பயமுறுத்தி வகுப்பு விற்பவர்கள் இருக்கிறார்கள். கணவர் கென்னிஸ்மிக்ரான்ட் (உயர்திறன் பணியாளர்) அனுமதியில் இருந்தால் உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போதுதான் தேர்வு தேவைப்படும். அதை நடத்துவது டுவோ என்ற அரசு அமைப்பு. தனியார் வகுப்பு தரும் சான்றிதழ் அங்கே செல்லாது. தேர்ச்சிக்கு உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். வகுப்பு வேண்டுமென்றே தோன்றினால் ‘பிளிக் ஒப் வெர்க்’ தர முத்திரை உள்ள பள்ளியா என்று முதலில் பாருங்கள். பல நூலகங்களில் ‘டால்ஹௌஸ்’ என்ற மொழி மையம் இருக்கிறது. உங்கள் ஊர் நூலகத்தில் விசாரியுங்கள்.

பயிற்சிக்கு வீட்டிலேயே வழி உண்டு. டச்சுக் குரலில் படிக்கும் ஆப் ஒன்றில் பத்து இரண்டிலக்க எண்களைக் கலைத்துப் போட்டு, திரையைப் பார்க்காமல் கேட்டு எழுதுங்கள். 25, 52, 37, 73, 46, 64 என்று புரட்டினாலும் எண்ணாக வரும் ஜோடிகளாகவே எடுங்கள். 14-ம் 40-ம் சேரட்டும்: ஃபேர்டீன், ஃபேர்டஹ். தினம் ஐந்து நிமிடம். பத்துக்குப் பத்தும் சரியாக வந்த பிறகு ஆப்பின் வேகத்தைக் கூட்டுங்கள்.