விலை விவாப் கோட்டுக்கு மேலே போனால் வாங்கு, கீழே வந்தால் விற்றுவிடு: இன்ட்ராடேக்கு (அன்றே வாங்கி அன்றே விற்பதற்கு) இது மட்டும் போதுமா?

போதாது. விவாப் (VWAP) என்பது அன்று காலையிலிருந்து கைமாறிய பங்குகளின் சராசரி விலை; எந்த விலையில் அதிகப் பங்குகள் கைமாறினவோ அதற்கு எடை அதிகம். ஐந்து நிமிட சார்ட்டில் விலை கோட்டைத் தாண்டும்போதெல்லாம் வாங்கி விற்றால், சந்தை பக்கவாட்டில் நகரும் நாளில் உள்ளே போவதும் வெளியே வருவதுமாகவே பொழுது போய்விடும். புரோக்கரேஜும் வரியும் கையிருப்பைக் கரைத்துவிடும். அதற்காக விவாப்பை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. என் சார்ட்டில் நான் வைத்திருக்கும் ஒரே இண்டிகேட்டர் அதுதான். அது எதைச் சொல்கிறது என்று புரிந்துகொண்டால் எப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு முறையாவது கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 9.15க்குத் தொடங்கும் முதல் ஐந்து நிமிட கேண்டிலில் (அந்த ஐந்து நிமிட விலை நகர்வைக் காட்டும் கட்டை) ஹை (அதிக விலை) 502, லோ (குறைந்த விலை) 498, க்ளோஸ் (முடிவு விலை) 500 என்று வைத்துக்கொள்வோம். மூன்றின் சராசரி 500. அதில் 1,00,000 பங்குகள் கைமாறின. அடுத்த கேண்டிலின் சராசரி 503, வால்யூம் (கைமாறிய பங்குகள்) 20,000 மட்டும். விலைகளை மட்டும் பார்த்தால் சராசரி 501.50. ஒவ்வொரு விலையையும் அதன் வால்யூமால் பெருக்கி, கூட்டி, மொத்த வால்யூமால் வகுத்தால் 500.50 வரும். மூன்று ரூபாய் ஏறியும் கோடு ஐம்பது காசுதான் ஏறியிருக்கிறது, ஏனென்றால் அந்த விலையில் வாங்க ஆள் அதிகம் வரவில்லை. மூன்றாவது கேண்டில் சராசரி 506, வால்யூம் 80,000 என்றால் கோடு 502.70க்கு வந்துவிடும். இந்த ஏற்றத்தில் ஆள் இருக்கிறது.

ஆக, விலை கோட்டுக்கு மேலே இருந்தால் இன்று காலையிலிருந்து வாங்கியவர்கள் சராசரியாக லாபத்தில் இருக்கிறார்கள், ஷார்ட் போனவர்கள் (முதலில் விற்றுப் பிறகு வாங்க நினைத்தவர்கள்) சராசரியாக நஷ்டத்தில் இருக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்த ஐந்து நிமிடம் விலை எந்தப் பக்கம் போகும் என்று அது சொல்வதில்லை.

அப்படியானால் விலை கோட்டருகே வந்து பல முறை திரும்புவது ஏன்? பெரிய நிறுவனங்களின் டீலர்கள் வாங்கிய விலை நல்லதா கெட்டதா என்று அளக்கும் அளவுகோல்களில் ஒன்று அன்றைய விவாப். பத்து லட்சம் பங்குகளை ஒரே ஆர்டரில் வாங்கினால் விலை தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் நாள் முழுவதும் துண்டு துண்டாக, கோட்டை ஒட்டி வாங்குகிறார்கள். என்எஸ்இயில் (தேசியப் பங்குச் சந்தை) ஒரு பங்கின் க்ளோசிங் விலை என்று பல ஆண்டுகளாகக் கணக்கிட்டு வந்ததே கடைசி அரை மணி நேரத்தின் வால்யூம் எடையிட்ட சராசரிதான். ஒரு கம்பெனியைக் கையகப்படுத்துபவர் தர வேண்டிய ஓபன் ஆஃபர் (மற்ற பங்குதாரர்களிடம் பங்கை வாங்க முன்வருவது) விலைக்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2011 விதிகள் எடுத்துக்கொள்ளும் அளவுகளில் 60 வர்த்தக நாட்களின் இதே சராசரியும் உண்டு. பெரிய பணம் உண்மையிலேயே மதிக்கும் ஒரு விலை இது. நான் இதை நம்புவதற்குக் காரணம் அதுதான்.

பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கோடு காலையில் ஒரு மாதிரி, மதியம் வேறு மாதிரி. பத்து மணிக்கு ஒரு பெரிய கேண்டில் வந்தால் கோடு வளைந்துவிடும். இரண்டு மணிக்குள் 50 லட்சம் பங்குகள் கைமாறியிருந்தால், அதற்குப் பிறகு 50,000 பங்குகளுடன் ஒரு கேண்டில் ஐந்து ரூபாய் தள்ளி வந்தாலும் கோடு நகர்வது ஐந்து காசுதான். மதியத்துக்கு மேல் விலை கோட்டைத் தாண்டியதைக் காலைத் தாண்டலைப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. மதியத்துக்குப் பிறகு அதை வைத்து நான் புதிதாக எதுவும் எடுப்பதில்லை.

நான் செய்வது இதுதான். நிஃப்டி 50இல் (என்எஸ்இயின் ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடு) உள்ள பங்குகள் மட்டும். முதல் அரை மணி நேரம் வெறுமனே பார்ப்பேன். விலை கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும், கோடும் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பிறகு விலை கோட்டை நோக்கி இறங்கும்போது வால்யூம் வற்றுகிறதா என்று பார்ப்பேன். வற்றினால் விற்பவர்களுக்கு அவசரம் இல்லை என்று அர்த்தம். கோட்டருகே ஒரு பச்சை கேண்டில் (தொடங்கிய விலையைவிட ஏறி முடிவது) கூடுதல் வால்யூமுடன் முடிந்தால் அதன் ஹைக்கு மேல் வாங்குவேன், அதன் லோவுக்குக் கீழே ஸ்டாப்லாஸ் (விலை அங்கே இறங்கினால் நஷ்டத்தோடு விற்றுவிடும் ஆர்டர்). எத்தனை பங்கு என்பதை ஸ்டாப்லாஸ்தான் முடிவு செய்யும். ஆயிரம் ரூபாய்க்கு மேல் இழக்கத் தயாரில்லை, ஸ்டாப்லாஸ் 2.50 தள்ளி இருக்கிறது என்றால் 400 பங்கு. கோடு படுத்துக் கிடந்து விலை அதன் மேலும் கீழும் போய்வந்தால் அன்றைக்கு அந்தப் பங்கு வேண்டாம்.

செலவையும் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு வாங்கி அதே நாளில் விற்றால், ஒரு ஆர்டருக்கு இருபது ரூபாய் வாங்கும் புரோக்கரிடம்கூட எஸ்டிடி (பங்கு வர்த்தக வரி), ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து சுமார் எண்பது ரூபாய் போகும். ஐந்நூறு ரூபாய் பங்கு என்றால் நாற்பது காசு ஏறினால்தான் முதலுக்கு முதல். 2022-23இல் கேஷ் செக்மென்ட்டில் (பங்குகளையே நேரடியாக வாங்கி விற்கும் பிரிவு) இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டம் அடைந்ததாக 2024 ஜூலையில் செபி சொன்னது. ஆண்டுக்கு ஐந்நூறு முறைக்கு மேல் டிரேடு செய்தவர்களில் அது எட்டு. கோட்டைத் தாண்டும்போதெல்லாம் டிரேடு எடுப்பவர் அந்த இரண்டாவது கூட்டத்தில்தான் போய்ச் சேருவார்.

வால்யூம் குறைந்த சின்னப் பங்குகளில் இதைப் பார்க்கவே வேண்டாம். யாரோ ஒருவரின் ஒரே ஆர்டர் கோட்டை இழுத்துவிடும். நிஃப்டி இண்டெக்ஸ் நேரடியாகக் கைமாறும் பொருள் இல்லை என்பதால் அதற்கு ஃபியூச்சர்ஸ் (பின்தேதிக்கான ஒப்பந்தம்) சார்ட்டில் பாருங்கள். ஆப்ஷன் பிரீமியம் (ஆப்ஷன் ஒப்பந்தத்தின் விலை) சார்ட்டில் போடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: நேரம் போகப் போக பிரீமியம் கரையும், அதனால் இண்டெக்ஸ் அசையாமல் நின்றாலே விலை கோட்டுக்குக் கீழே போய்விடும். அதைப் பார்த்து சந்தை இறங்குகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செட்டிங்கில் மாற்ற ஒன்றும் இல்லை. தினமும் காலையில் புதிதாகத் தொடங்கும்படி இருந்தால் போதும். உங்கள் கோடு சரியா என்று பார்க்க, புரோக்கர் ஆப்பில் மார்க்கெட் டெப்த்தை (வாங்கவும் விற்கவும் காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) திறந்து சராசரி விலையோடு ஒப்பிடுங்கள். அது நடந்த ஒவ்வொரு டிரேடையும் வைத்துப் போட்ட கணக்கு, சார்ட் கோடு கேண்டில்களை வைத்துப் போட்டது. அதனால் சில காசுகள் வித்தியாசம் இருக்கும். ரூபாய்க் கணக்கில் வித்தியாசம் வந்தால் உங்கள் சார்ட்டுக்கு வரும் டேட்டாவில் கோளாறு, அன்று அதை வைத்து டிரேடு எடுக்காதீர்கள்.