விரிவுரையாளருக்கு மாணவர் போடும் மதிப்பெண்

கேள்வி: இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பகுதிநேர விரிவுரையாளராக இருக்கிறேன். பருவ இறுதியில் மாணவர்கள் இணையத்தில் அளிக்கும் மதிப்பீட்டில், சென்ற முறை 5க்கு 4.3 ஆக இருந்த என் சராசரி இப்போது 4.1 ஆகிவிட்டது. இருமுறையும் 24 பேரில் 9 பேர்தாம் பதிலளித்தனர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள். என் கற்பித்தலின் தரத்தை இது உண்மையிலேயே காட்டுகிறதா?
– வாசகி, ஈசூன்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒன்பது பேர் போட்ட மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 39 என்றால் சராசரி 4.3, 37 என்றால் 4.1. ஒரே ஒரு மாணவர் 5க்குப் பதில் 3 போட்டாலே இந்தச் சரிவு வந்துவிடும். வாய் திறக்காத 15 பேரின் எண்ணமோ கணக்கிலேயே இல்லை.

எல்லாரும் பதிலளித்திருந்தாலும் சிக்கல் தீராது. அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில், அடிப்படைப் பாடங்களை யாரிடம் படிப்பது என்பதை மாணவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது; குலுக்கல் முறைபோல் பிரிவுகளுக்கு ஒதுக்கப்படுகிறார்கள், எல்லாப் பிரிவுகளுக்கும் தேர்வும் ஒன்றே. ஆசிரியர்களை ஒப்பிட இதைவிட நல்ல களம் அமைவது அரிது. அங்குத் திரட்டிய தரவுகளைக் கொண்டு ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, நடப்புப் பாடத்தில் மாணவர்களை நல்ல மதிப்பெண் வாங்கவைத்த ஆசிரியர்களுக்கு மதிப்பீடும் உயர்ந்தே இருந்தது. ஆனால், அவர்களிடம் நுண்கணிதம் படித்தவர்கள் அடுத்தடுத்த மேல்நிலைப் பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். அனுபவம் மிகுந்த ஆசிரியர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. கற்றதன் பயன் தெரியவரும் காலத்துக்கு முன்பே மதிப்பீட்டுப் படிவம் மூடப்பட்டுவிடுகிறது என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. (ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வகுப்பில் சாக்லெட் பிஸ்கட் பெற்ற மருத்துவ மாணவர்கள் ஆசிரியருக்கு மட்டுமின்றிப் பாடக்குறிப்புகளுக்கும் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்கள்!)

அதற்காக மதிப்பீட்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. விளக்கம் புரிந்ததா, ஒப்படைப்புகள் உரிய நேரத்தில் திருத்தித் தரப்பட்டனவா, கேள்வி கேட்கத் தயக்கமின்றி இருந்ததா என்பவற்றுக்கு மாணவரைவிடத் தகுந்த சாட்சி இல்லை. பாடப்பொருள் சரியானதா, தேர்வு தரமானதா என்பவற்றைத் துறையறிந்தவர்தாம் சொல்ல வேண்டும். கனடாவின் டொராண்டோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பணி உயர்வு வழக்கில், 2018இல் நடுவர் அளித்த தீர்ப்பும் ஏறக்குறைய இதையே சொன்னது.

ஒப்பந்தப் பேச்சுக்குச் செல்லும்போது சராசரியோடு, பதிலளித்தோர் எண்ணிக்கையையும் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எத்தனை பேர் போட்டார்கள் என்பதையும் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். அடுத்த பருவத்தில் சக விரிவுரையாளர் ஒருவரை உங்கள் வகுப்பில் வந்து அமரச் சொல்லி, அவருடைய கருத்தை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.