நெல்லும் தவணைக்காசும் – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணைக்கு,

எனக்கு 27 வயது. துணுக்காய்ப் பக்கம் ஊர். அப்பாவுக்கு வவுனிக்குளத்துத் தண்ணி பாயிற இரண்டு ஏக்கர் வயல் இருக்கு. வயல் வேலை இல்லாத நாளில மேசன் வேலைக்குப் போறன். ஒரு வருசத்துக்கு முதல் மோட்டார் சைக்கிள் ஒண்டு பினான்சில எடுத்தனான். கடன் மூன்று லட்சம், வருச வட்டி 18 வீதம், 36 தவணை, மாதம் 12,833 ரூபாய். ஒரு தவணையும் பிசகேல்லை. மிச்சத்தை ஒரேயடியாக் கட்டி முடிப்பம் எண்டு போய்க் கேட்டால் இன்னும் 228,000க்கு மேல கட்டவேணும் எண்டினம். நான் கட்டின காசு எங்க போனது?

மேடையில ஏறிறவை எல்லாரும் விலைவாசி இறங்கிட்டுது எண்டு சொல்லினம். கடையில அரிசி வாங்கேக்க அப்பிடித் தெரியேல்லை. எங்கட வயசுப் பெடியள் சோம்பேறியள், பைக்கில சுத்துறாங்கள் எண்டு ஊருக்குள்ள கதை. பிழை எங்களிலையோ? வெளிநாட்டுக்குப் போறதோ, இஞ்ச இருக்கிறதோ? உங்கட தளத்தில இதைப்பற்றி எழுதுங்கோ.

– ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

சோம்பேறி என்ற சொல்லை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். வயலும் செய்து, மேசன் வேலைக்கும் போய், ஒரு தவணையும் பிசகாமல் கட்டுகிறவனுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. 2009இல் உங்களுக்குப் பத்துப் பதினொரு வயது இருந்திருக்கும். அந்த வருசம் வன்னிச் சனம் உழவு மெசின், மாடு, நகை, வீட்டுக் கூரை எல்லாவற்றையும் விட்டு முகாமுக்குப் போனது. திரும்பி வந்தபோது கையில் முதல் இருக்கவில்லை. கூரையும் உழவு மெசினும் கடனில்தான் வந்தன. உங்கள் தலைமுறை உழைக்கத் தொடங்கியதே கடன் கடதாசியோடுதான்.

இனி மேடைப் பேச்சு. பணவீக்க வீதம் விலை என்ன வேகத்தில் ஏறுகிறது என்று காட்டும். விலை எந்த உயரத்தில் நிற்கிறது என்று காட்டாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்தைய செப்ரெம்பரைவிட 69.8 வீதம் ஏறியிருந்தது. அதாவது 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 170 ரூபாய். 2023 செப்ரெம்பரில் பணவீக்கம் 1.3 வீதத்துக்கு வந்தது. மேடையில் சொல்லப்படுவது இந்த 1.3 போன்ற வீதம்தான். ஆனால் அதே சாமானுக்கு நீங்கள் அப்போது கொடுத்தது 172 ரூபாய். 2024 செப்ரெம்பரில் சுட்டெண் உண்மையிலேயே இறங்கியது, அரை வீதம். 172 ரூபாயில் அரை வீதம் என்றால் ஒரு ரூபாய்கூட இல்லை. 2021இல் உங்கள் நாட்கூலி 2,000 ரூபாயாக இருந்திருந்தால், 2024 செப்ரெம்பரில் ஏறத்தாழ 3,420 ரூபாய் கிடைத்திருந்தால்தான் பழைய இடத்தில் நின்றிருப்பீர்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் பணவீக்கத்தைப் பற்றிக் கதைக்காதீர்கள். கூலி எத்தனை வீதம் ஏறியது என்று கேளுங்கள்.

இதோடு சாமான் வாங்கும்போது விலையோடு சேர்த்துக் கட்டுகிற வற் வரியும் சேர்ந்தது. 2022 மே மாதம் 8 வீதமாக இருந்தது, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 வீதம். அதுவரை விலக்கு இருந்த எரிபொருளுக்கும் சமையல் காஸுக்கும் அன்றைக்கே வரி வந்தது. வருமான வரி என்றால் உழைப்புக்கு ஏற்றமாதிரி அறவிடுவார்கள். பெற்றோல் அடிக்கிற இடத்தில் பெரிய முதலாளியும் நீங்களும் ஒரு லீற்றருக்கு ஒரே வரிதான் கட்டுகிறீர்கள். இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

கட்டின காசு எங்கே போனது என்று கேட்டீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், வன்னியில் வீட்டுக்கு வீடு இந்தக் கடதாசி இருக்கிறது. உங்களுக்குச் சொன்ன 18 வீதம் பிளாட் வட்டி. மூன்று லட்சத்துக்கு வருசம் 54,000, மூன்று வருசத்துக்கு 162,000. அதை முதலோடு கூட்டினால் 462,000. 36ஆல் பிரித்தால் உங்கள் 12,833 வரும். கடன் முதல் மாதாமாதம் குறைந்துகொண்டு போனாலும், கடைசி வருசத்திலும் முழு மூன்று லட்சத்துக்கே வட்டி போட்டிருக்கிறார்கள். குறைந்துவரும் மீதிக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இதே தவணை மாதம் 2.55 வீதம், வருசத்துக்கு 30 வீதத்துக்கும் மேல். கடனின் உண்மையான விலை அதுதான்.

முதலாவது தவணையை எடுத்துப் பாருங்கள். 12,833இல் 7,650 வட்டிக்குப் போகிறது, 5,183 மட்டும் கடன் முதலிலிருந்து கழிகிறது. இப்படியே 12 மாதத்தில் 154,000 கட்டியிருப்பீர்கள். அதில் கடன் முதல் குறைந்தது ஏறத்தாழ 71,700. மிச்சம் 228,300. உங்களுக்கு அவர்கள் சொன்ன தொகை கணக்குப்படி சரியாகத்தான் வருகிறது. கடன் எடுத்த அன்றைக்கு இந்த 30 வீதத்தை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதுதான் கோபப்படவேண்டிய விசயம்.

இப்போது செய்யக்கூடியது என்ன? தவணை அட்டவணையைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாதமும் வட்டிக்கு எவ்வளவு, முதலுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அதில் இருக்கும். முன்கூட்டியே முடிக்கிற தொகையை எழுத்தில் கேளுங்கள். மிச்சம் 24 தவணையையும் பெருக்கினால் 308,000. அவர்கள் கேட்பது 228,300க்கும் 308,000க்கும் இடையில் எங்கே நிற்கிறதோ, அந்த மேலதிகம் இன்னும் வராத மாதங்களின் வட்டி, அல்லது கட்டணம். அது என்னவென்று தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். தவணை பிந்தினால் கட்டுகிற காசு முதலில் தண்டவட்டிக்கும், பிறகு வட்டிக்கும், கடைசியாகத்தான் முதலுக்கும் போகும். அதனால்தான் இரண்டு தவணை பிந்தியவர்கள் ஆறு மாதம் கட்டியும் கடன் அசையவில்லை என்கிறார்கள். பிந்தப்போகிறது என்று தெரிந்தால் முன்னுக்கே போய், அறுவடை மாதத்தில் கூடவும் மற்ற மாதத்தில் குறையவும் கட்டுகிறமாதிரி மாற்றித் தரமுடியுமா என்று கடிதம் கொடுங்கள், பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு நுண்கடன் எடுக்கவேண்டாம். நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய வங்கியிடம் முறையிடலாம். அதன் பிரதேச அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது.

நெல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தவணைக்காசு அங்கேதான் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

வெட்டு மெசினால் அறுத்த நெல் வயலில் வைத்தே ஏற்றப்படுகிறது. ஈரம் 20 வீதம் என்று வையுங்கள். 70 கிலோ மூடையில் 14 கிலோ தண்ணீர், 56 கிலோ காய்ந்த பொருள். அதையே 14 வீத ஈரத்துக்குக் காயவிட்டால் 65 கிலோ நிற்கும். எனவே காய்ந்த நெல்லின் விலை தருகிற வியாபாரி மூடைக்கு 5 கிலோ கழித்தால் நியாயம். நடப்பது வேறு. பச்சை நெல் என்று கிலோ விலையையும் குறைக்கிறார்கள், கழிவென்று கிலோவையும் வெட்டுகிறார்கள். ஒரே ஈரத்துக்கு இரண்டு தரம் வெட்டு.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132, ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 65 கிலோவை 120க்குக் கொடுத்தால் மூடைக்கு 7,800. வயலில் வைத்து வியாபாரி 95 என்று கேட்டு, 5 கிலோவும் கழித்தால் 6,175. மூடைக்கு 1,625 ரூபாய் வித்தியாசம். ஏக்கருக்கு 25 மூடைப்படி இரண்டு ஏக்கருக்கு 81,250 ரூபாய். காயவிடுகிற கூலி, ஏற்றி இறக்குகிற செலவு இதில் கழியும். அப்படியிருந்தும், உங்கள் ஆறு தவணைக்கு மேல் வருகிற காசு இது.

காயவிடும்போது தறப்பாளில் ஒன்றரை அங்குலக் கனத்துக்குமேல் பரப்பவேண்டாம். அரை மணிக்கொருதரம் காலால் கிளறிவிடுங்கள். உச்சி வெயிலில் பச்சை நெல்லை அப்படியே விட்டால் மணி உள்ளே வெடிக்கும், மில்லில் குறுணல் கூடும். அந்த நேரம் குவித்து மூடிவிட்டு வெயில் சாயத் திரும்பப் பரப்புங்கள். நல்ல வெயிலென்றால் இரண்டு நாள் போதும். ஈரமானி இல்லாவிட்டால் உப்புச் சோதனை செய்யலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் கொஞ்ச நெல்லும் ஒரு பிடி காய்ந்த தூள் உப்பும் போட்டு மூடிக் குலுக்கி, கால் மணித்தியாலம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தால் ஈரம் இன்னும் 15 வீதத்துக்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே வந்துவிட்டது, இன்னொரு காய்ச்சல் போட்டுக் கொண்டுபோகலாம்.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாத விசயமில்லை. தெரிந்துகொண்டும் வயலிலேயே விற்கிறார்கள், ஏனென்றால் உரக்கடைக் கடனும் மெசின் கூலியும் அடகு நகையும் அறுவடை நாளையே பார்த்துக்கொண்டு இருக்கின்றன. பல இடங்களில் உரத்தைக் கடனுக்குத் தந்தவரே நெல்லையும் வாங்குகிறார். மெசின் கூலிக்கும் அவசரக் கடனுக்கும் எத்தனை மூடை வேண்டுமோ அதை மட்டும் வயலில் விற்றால் மிச்சத்துக்குப் பேரம் பேச நேரம் கிடைக்கும். அதிலும் வீட்டுச் சாப்பாட்டுக்கு முதலில் ஒதுக்குங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு வருசத்துக்கு ஏறத்தாழ 550 கிலோ அரிசி வேண்டும், அதற்கு 850 கிலோ நெல், 13 மூடை. 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அரசாங்கம் போட்ட உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபாய். 95க்கு நெல்லை ஏற்றிவிட்டு அந்த விலைக்கு அரிசி வாங்குகிற வீடுகள் வன்னியில் எத்தனை! மூடைகளைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் மரக்கட்டை அடுக்கி, சுவரில் முட்டாமல் வையுங்கள். நிலத்து ஈரம் ஏறினால் அடி மூடை பூஞ்சணம் பிடிக்கும்.

அரசியல் இங்கே வருகிறது. 2025இல் விலை அறிவிப்பு அறுவடை தொடங்கியபிறகுதான் வந்தது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இரண்டு விசயத்தை எழுத்தில் கேளுங்கள்: உத்தரவாத விலைக்கு வாங்குகிற அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தல் சபையின் களஞ்சியம் எந்தத் திகதி திறக்கும், பிரதேசத்துக்கு ஒரு நெல் உலர்த்தும் இயந்திரமும் ஈரமானியும் எப்போது வரும். கூட்டத்துக்குப் பெடியள் போவதில்லை. போனால் அடுத்த காலபோகத்துக்கு (மாரி மழைப் பயிருக்கு) முன்னரே இந்தக் கேள்வி பதிவேட்டில் ஏறும்.

மேசன் வேலையைப் பற்றி ஒன்று. நாட்கூலிக்காரருக்கு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை என்பது பொய். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிற நாட்கூலிக்காரருக்கும் அது முதல் நாளிலிருந்தே உண்டு. உங்கள் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12, அதற்குமேல் முதலாளியே கட்டுகிற ஈரிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3. வேலை செய்த திகதி, இடம், கூலி, யாருக்குக் கீழே என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடும்போது அந்தக் கொப்பிதான் சாட்சி. உங்கள் அனுபவத்துக்கு என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழும் எடுக்கலாம். நைற்றா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனம், படிக்க அனுப்பாமல், செய்துகாட்டச் சொல்லிச் சோதித்துத் தருகிற முறை ஒன்று வைத்திருக்கிறது. முன்னர் செய்த வேலைகளின் படங்களையும் வேலை தந்தவர்களின் கடிதங்களையும் சேர்த்து வையுங்கள்.

வெளிநாடு போவது உங்கள் உரிமை, மறிக்கமாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழோடு போங்கள், விசிற் விசாவில் போய் அங்கே வேலை தேடலாம் என்று சொல்லுகிறவனிடம் காசு கொடுக்கவேண்டாம். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும், அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் நேரே கேட்டுப் பார்த்தபிறகே கடவுச்சீட்டைக் கையை விட்டுக் கொடுங்கள். வயலை அடகு வைத்துப் போகிறதென்றால் மேலே போட்ட வட்டிக் கணக்கை அதற்கும் ஒருதரம் போட்டுப் பாருங்கள்.

தவணை அட்டவணை கைக்கு வந்ததும் பெயர், இலக்கம் எல்லாவற்றையும் மறைத்து ஒரு படம் அனுப்புங்கள். 12ஆம் தவணைக்கு நேரே உள்ள மீதியை முதலில் பார்ப்போம்.