கட்டமும் குறிப்பும்: ஆச்சி பதில்கள்

குறுக்கெழுத்துப் புதிரில் 'வேலை முடிந்து மாலை வந்தால் பலகாரம் (5)' என்ற குறிப்புக்கு பஜ்ஜி, சுண்டல் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன் ஆச்சி. விடை பணியாரம் என்று வந்திருக்கிறது. எப்படி?
— வாசகி, தேவகோட்டை

பணி என்றால் வேலை. ஆரம் என்றால் மாலை, கழுத்தில் போடுகிற மாலை. பணி முடிந்து ஆரம் வந்தால் பணியாரம். நடுவில் வரும் 'ய்' உடம்படுமெய். இலக்கணமே அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். கடைசியில் நிற்கும் 'பலகாரம்' விடையின் நேர்ப்பொருள், (5) விடையின் எழுத்து எண்ணிக்கை. இந்த வகைக் குறிப்பில் ஒரு முனையில் நேர்ப்பொருள் இருக்கும், மிச்சமெல்லாம் விடையைக் கட்டும் வழி. நீங்கள் சாயங்காலத்தை நினைத்தீர்கள் அல்லவா? நினைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் வெள்ளைப் பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தபோது கிடைத்த குறிப்பு இது. முதலில் 'மழை நாளில் வேலை முடிந்து மாலை வந்தால் பலகாரம்' என்று எழுதினேன். படிக்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 'மழை நாளில்' விடைக்கு ஒரு எழுத்துகூடத் தரவில்லை, அடித்துவிட்டேன். முன்பு இப்படி ஒரு வெறும் சொல்லை விட்டுவைத்தேன். கோட்டையூர் வாசகர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தேடியதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேல் நிற்கிற அளவுக்குத்தான் உளுந்தைக் கோபுரமாக வைப்போம். கூடினால் பணியாரம் கெட்டுவிடும். குறிப்பையும் நான் அப்படித்தான் அளக்கிறேன்.

காரைக்குடிக்கு நானே ஒரு குறிப்பு எழுதினேன்: 'காரைப் பருகச் சொல்லும் ஊர் (5)'. சரியாக இருக்கிறதா?
— கல்லூரி மாணவர், புதுவயல்

பிரித்த விதம் சரி தம்பி. காரை, குடி, நடுவில் மிகுந்த 'க்'. தண்டியலங்காரம் இதைப் பிரிமொழிச் சிலேடை என்கிறது. பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால், மேலே வந்த 'மாலை' போல, அது செம்மொழிச் சிலேடை. பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் பாடிய காளமேகத்தின் மொழிக்காரர்கள் நாம். நமக்கு இது அந்நிய விளையாட்டே இல்லை.

ஆனால் இரண்டு குறை. விடையில் உள்ள 'காரை' குறிப்பிலேயே அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அப்புறம், காரை யார் பருகுவார்? வாசிக்கிறவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். குறிப்பு வீட்டில் பேசுகிற ஒரு வாக்கியம் போல நடக்க வேண்டும். காரைக்கு இன்னொரு பொருள் உண்டே! நம் வளவு வீட்டுச் சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கண்ணாடி மாதிரித் தேய்த்துப் பூசிய சுண்ணாம்பு. குடி என்றால் குடும்பமும்தான். 'சுவர்ப்பூச்சு முடிந்தபின் குடும்பம் வந்த ஊர் (5)' என்று வைத்துப் பாருங்கள். புதுமனை புகுகிற காட்சி கண்ணில் வருகிறதா?

வாசகரை ஏமாற்ற எதுவரைக்கும் உரிமை உண்டு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கானாடுகாத்தான்

இங்கிலாந்தில் ஆஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட ஏ.எஃப். ரிச்சி 1949-லேயே எல்லை கட்டிவிட்டார்: சொல்வதையே கருத வேண்டியதில்லை, ஆனால் கருதுவதைச் சொல்லியாக வேண்டும். தமிழில் இந்த நேர்மை வேற்றுமை உருபில் இருக்கிறது என்பேன். 'வட்டிக்கு விட்டதை விழுங்கக் காத்திருக்கும் ஆற்றுவாசி (3)'. வட்டிக்கு விட்ட பணம் 'முதல்', வட்டிக்கு விட்டதை என்றால் 'முதலை'. கடன் வாங்கியவனைத் தேடி வாசகர் அலையட்டும், அது என் உரிமை. 'விட்டது' என்று எழுதிவிட்டு 'முதலை' என்று விடை சொன்னால் அது பொய். அந்த ஒரு 'ஐ' இல்லாமல் நான் புதிரை அச்சுக்கு அனுப்ப மாட்டேன்.

எழுத்துகளைக் கலைத்துப் போடும் குறிப்பு எழுத என்ன வழி?
— வாசகி, பள்ளத்தூர்

சொல்லை எழுத்தெழுத்தாகச் சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். 'லை' ஒரே சீட்டு, அதை உடைக்கக் கூடாது. 'தலைவி'யைக் கலைத்துப் பார்த்தால் 'தவிலை'. அப்புறம் குறிப்பு தானே வந்துவிடும்: 'தவிலை மாற்றி வாசித்த கதாநாயகி (3)'.

இந்த இதழுக்கு ஒன்று: 'நிறைய உறைப்பு போட்டாலும் இனிப்பாகவும் இருக்கும் (5)'. விடை இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.