போணி ஆன பிறகு போங்கள்

வணக்கம் சார்,

சேலத்தில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மும்முறை தாண்டுதல் என் விளையாட்டு. இதுவரை தாண்டியதில் அதிகம் 11.86 மீட்டர். அப்பா கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். அம்மா வீட்டில் இருந்தபடியே கொலுசுக்குச் சலங்கை கோக்கிறார். என் ஸ்பைக் ஷூ அடிப்பக்கம் பிளந்துவிட்டது. ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஸ்பான்சர் கேட்டு ஆறு கடை ஏறினேன். நான்கு கடையில் ‘அப்புறம் வாம்மா’ என்றார்கள். ஐந்தாவது கடையில் முதலாளி இல்லை என்றார் ஒருவர். அவரேதான் முதலாளி என்று பிறகு தெரிந்தது. ஆறாவது கடையில் கல்லாவிலிருந்து 500 ரூபாய் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அழுதுவிட்டேன். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் ஸ்பான்சர் மூலம் சம்பாதிக்கிறார்கள் என்று படித்தேன். நம் ஊரில் அது நடக்குமா? இல்லை, இது பிச்சை கேட்பதுதானா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி, சேலம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து, திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த 500 ரூபாய் என்னையும் உறுத்துகிறது. கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் நீங்கள் போனது ஒரு வியாபாரம் பேச, அவர் செய்தது தர்மம். இரண்டும் ஒரே கல்லாவில் நடந்ததால் உங்களுக்கு வலித்திருக்கிறது.

அஞ்சு ரோடு பக்கம் பல வருடம் ஒரு சின்ன விளம்பர அச்சகம் வைத்திருந்தேன். பில் புத்தகம், துணிப்பை, காலண்டர், ஃப்ளெக்ஸ், எல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். சேலத்துக் கடைக்காரர்கள் எதற்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்வார்கள், எதற்கு ஒரு ரூபாய் எடுக்கவும் யோசிப்பார்கள் என்பதை அருகில் இருந்து பார்த்தவன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்: இது பிச்சை இல்லை. உங்களிடம் விற்பதற்கு ஒன்று இருக்கிறது. அது என்ன என்று உங்களுக்கே தெரியாமல் கடை ஏறியதுதான் சிக்கல்.

முதலில் அமெரிக்கா. 2021 ஜூலை 1 வரைக்கும் அங்கே என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதி கடுமையாக இருந்தது. தன் பெயரையும் படத்தையும் வைத்து ஒரு மாணவர் பணம் சம்பாதித்தால் விளையாடும் தகுதியே போய்விடும். அன்றைக்கு அந்த விதியைத் தளர்த்தினார்கள். கோடிக்கணக்கில் வாங்கும் அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து நட்சத்திரங்களின் செய்திதான் நம் கண்ணில் படுகிறது. உங்களைப் போல ஓடுகிற, தாண்டுகிற பிள்ளைகளுக்கு அமைவது பெரும்பாலும் ஊர் உணவகத்தின் சாப்பாடு, ஒரு சின்னத் தொகை, சில பொருட்கள். அதாவது அவர்களும் பக்கத்துக் கடையைத்தான் போய்ப் பார்க்கிறார்கள். நம் ஊரில் தடையாக நிற்பது கூச்சம். கூடவே, எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்காதது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அச்சகம் நடத்திய காலத்தில் ஒரு கபடி வீரனைச் செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தெரிந்த வெள்ளிக் கடைக்குக் கூட்டிப் போனேன். காலை பதினோரு மணி. கடைக்காரர் ஒரு ஜோடி கொலுசைத் தராசில் வைத்துவிட்டு, எண் ஆடி நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டான். மாவட்ட அளவில் இத்தனை கோப்பை, மாநில அளவில் இத்தனை என்று அடுக்கினான். அவர் எடையைச் சீட்டில் எழுதி, கொலுசை மடித்து வைத்த பிறகுதான் நிமிர்ந்தார். ‘தம்பி எந்த ஏரியா?’ என்றார். ‘பொன்னம்மாபேட்டைங்க.’ ‘அங்க எனக்கு நூறு வாடிக்கை இருக்கும். அதுல எத்தனை பேருக்கு உன்னைத் தெரியும்?’

பையனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவனைத் தயார் செய்யாமல் கூட்டிப் போனது என் தவறு. ஆனால் அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடமும் இருந்தது. கோப்பை அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தன் வாடிக்கையாளர்கள் இருக்கும் தெருவில் இந்தப் பையனுக்கு என்ன மரியாதை என்று பார்த்தார். மூன்று மாதம் கழித்து அதே கடைக்குப் போனோம். அதற்குள் அவன் ஞாயிறு காலையில் தெருப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தான். பதினெட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டி-சர்ட் வேண்டும், முதுகில் உங்கள் கடைப் பெயர் இருக்கும், எனக்கு ஒரு போட்டிக்குப் போய்வரும் செலவு வேண்டும் என்று கேட்டான். கடைக்காரர் டி-சர்ட்டின் நிறம் என்ன என்றுதான் கேட்டார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காந்தி மைதானத்தில் காலை ஆறு மணிக்குப் பயிற்சி செய்வதாகத் தனிக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த நேரத்தில் அங்கே நடக்க வருகிறவர்கள் யார் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். கடை வைத்திருப்பவர்கள், டாக்டர்கள், லாரி முதலாளிகள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் என்று பலர் இருப்பார்கள். நீங்கள் மணலில் விழுந்து எழுவதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். புதிதாக ஒரு கடை ஏறுவதைவிட, இரண்டு வருடமாக உங்களைப் பார்த்துவரும் ஒருவரிடம் ‘வணக்கம்’ சொல்லித் தொடங்குவது எளிது. உங்கள் உழைப்பைப் பற்றி அவருக்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

கடைக்குத்தான் போகவேண்டும் என்றால் நேரம் பார்த்துப் போங்கள். போணி ஆவதற்கு முன் போகாதீர்கள். முதல் வியாபாரம் நடக்காத கல்லாவிலிருந்து பணம் வெளியே போவதை யாரும் விரும்ப மாட்டார்கள். விளக்கு வைக்கும் நேரமும் வேண்டாம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். காலை பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள், கூட்டம் இல்லாதபோது போங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா தொடங்கிவிட்டால் சேலத்தில் எந்தக் கடைக்காரரும் நின்று பேச மாட்டார். ஆடித் தள்ளுபடி விளம்பரத்துக்கு யோசனை நடக்கும் ஆனி மாதத்திலேயே போய்விடுங்கள். அதற்கு முன் ஒரு முறையாவது அந்தக் கடையில் ஏதாவது வாங்கியிருங்கள். தோழி ஒருத்தியையோ அப்பாவையோ கூட அழைத்துப் போங்கள்.

என்ன கேட்பது? ‘ஸ்பான்சர் பண்ணுங்க’ என்றால் அவர் மனதில் லட்சம் ரூபாய் ஓடும், உடனே கதவைச் சாத்திவிடுவார். ஒரு பொருளைக் கேளுங்கள். மும்முறை தாண்டுதலுக்கென்றே தனி ஸ்பைக் உண்டு, குதிகாலில் மெத்தை வைத்தது. முதல் தாவலில் கால் ஊன்றும்போது உடல் எடையின் பல மடங்கு ஒரே காலில் இறங்குகிறது. சாதாரண ஷூ போட்டால் குதிகாலும் முழங்காலும் போய்விடும். இதை உங்கள் பிளந்த ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கடைக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பார்ப்பார். அதன் பிறகு நீங்கள் அதிகம் பேசவேண்டியிருக்காது. முட்டை மண்டிக்காரரிடம் பணம் கேட்காதீர்கள், மாதம் இத்தனை முட்டை என்று கேளுங்கள். நாமக்கல் பக்கத்தில் இருக்கிற ஊரில் ஒரு விளையாட்டுப் பெண்ணுக்கு முட்டை தர ஆள் கிடைக்காமல் போகாது. பிசியோதெரபி நிலையத்தில் மாதம் இரண்டு முறை பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.

பதிலுக்கு என்ன தருவீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். பெரியார் பல்கலைக்கழக அணிக்காக இறங்கும்போது போடுவது பல்கலைக்கழகத்தின் உடை. அதில் கடைப் பெயர் போடுவதாக வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பயிற்சி டி-சர்ட், கிட் பை, உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கம், இவை உங்களுடையவை. கல்லூரியின் பெயரும் சின்னமும் கல்லூரிக்குச் சொந்தம், அதனால் உடற்கல்வி இயக்குநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைத் திறப்பு நாளில் ஒரு மணி நேரம் வந்து நிற்பது, கடைக்காரர் பிள்ளை படிக்கும் பள்ளியில் விளையாட்டு விழாவுக்குப் போவது, ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் என்ன ஆனது என்று நான்கு வரி வாட்ஸ்அப் அனுப்புவது, இதெல்லாம் சின்னதாகத் தெரியும். அந்த நான்கு வரியைத்தான் அவர் தன் ஸ்டேட்டஸில் போட்டு எல்லோரிடமும் காட்டுவார். தோற்ற நாளிலும் அனுப்புங்கள். காயம் பட்டால் அன்றே சொல்லுங்கள். பதக்கம் வாங்கித் தருவேன் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சி.எஸ்.ஆர்., அதாவது பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் சட்டப்படி ஒதுக்கும் நிதியைக் கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். சின்னக் கடையில் அந்த வார்த்தையே வேண்டாம். நிறுவனச் சட்டப்படி நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனத்துக்குத்தான் அந்தக் கடமை. விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் விளம்பரப் பலனுக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் பணத்தை அந்தக் கணக்கில் எழுத முடியாது. உங்கள் டி-சர்ட்டில் தன் பெயரைப் போடும் கடைக்காரருக்கு அது விளம்பரச் செலவு. அப்படியே சொல்லி, முறையான ரசீது கொடுங்கள். அரசு வழியையும் விட்டுவிட வேண்டாம். 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு உபகரணம், பயணச் செலவு கேட்டு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

எவ்வளவு சின்ன ஏற்பாடாக இருந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அமெரிக்காவில்கூட 2025-லிருந்து 600 டாலரும் அதற்கு மேலும் வரும் ஒப்பந்தங்களைப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். எத்தனை மாதம், என்ன தருகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள், உங்கள் படத்தை எங்கெங்கே எதுவரை போடலாம், இவ்வளவு போதும். படம் விஷயத்தில் கறாராக இருங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும், உங்களிடம் காட்டாமல் எதையும் போடக்கூடாது என்று எழுதுங்கள். ‘எப்போதும்’, ‘வேறு யாருடனும் கூடாது’ என்கிற வார்த்தைகள் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு 18 முடிந்துவிட்டது, நீங்களே போடலாம். முதலாம் ஆண்டுத் தோழிகளில் 18 ஆகாதவர்கள் இருந்தால் அப்பாவோ அம்மாவோதான் போடவேண்டும். பணம் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். ஜிம்மோ புரோட்டீன் பவுடர் கடையோ டப்பா டப்பாவாக இலவசமாகத் தருகிறேன் என்று வந்தால் மறுத்துவிடுங்கள். சில பவுடர்களில் டப்பாவின் மேல் எழுதாத பொருளும் கலந்திருக்கும். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் சோதனையில் தடைசெய்த பொருள் தென்பட்டால், அது எப்படி உடம்புக்குள் வந்தது என்றாலும் பொறுப்பு உங்களுடையது. இலவச டப்பாவுக்காக நான்கு வருட உழைப்பைப் பணயம் வைக்கவேண்டாம்.

இந்த மாவட்டத்தில் நீங்கள் ஒன்றை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. காய்கறி விற்ற தாயின் மகன் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-ல் ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன், தன்னைக் கைதூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷின் முதலெழுத்துகளைத் தன் பெயரோடு சேர்த்து ‘ஜேபி நட்டு’ என்று சட்டையில் போட்டு ஐ.பி.எல். ஆடினார். இங்கிருந்து ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்று சேலத்துக் கடைக்காரருக்குத் தெரியும். அடுத்தது நீங்களாக இருக்கலாம் என்பதை மட்டும் அவர் கண்முன்னால் வைக்கவேண்டும்.

அந்த ஆறாவது கடைக்குத் திரும்பப் போங்கள். 500 ரூபாயை என்ன செய்தீர்கள் என்று சொல்லி, நன்றி சொல்லி, ஷூவைக் காட்டுங்கள். கல்லாவைத் திறந்து கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

நீங்கள் இணைத்திருந்த ஒரு பக்கக் கடிதத்தைத் திருத்தித் தனியாக அனுப்பியிருக்கிறேன். ‘ஏறத்தாழ 12 மீட்டர்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு 11.86 என்றே போட்டிருக்கிறேன். பன்னிரண்டைத் தாண்டிய அன்று அந்த எண்ணை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கும் நான்கு வரி எழுதுங்கள்.

அன்புடன்.